ஏகாம்பரம் வரிசை

போன மாதம் பி.எஃப். வேலையாகக் கம்பெனிக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருத்தி என்னை வராந்தாவில் மடக்கினாள். நசரத்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பெண். பெயரைச் சொல்லி மாட்டிவிடப் போவதில்லை. "மேடம், இந்த ஏகாம்பரம் எந்த யுனிவர்சிட்டி? நெட்ல தேடித் தேடிப் பாத்துட்டேன், ஒரு பேப்பர்கூட கிடைக்கல" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது. குழிக்குழியான சோதனை பிளேட்டின் முதல் வரிசையில், பூஜ்யம் காட்ட வேண்டிய ரத்தச் சீரத்தைப் போட வேண்டும், அதன் ரீடிங்கைப் பார்த்த பிறகுதான் மற்ற வரிசைகளைப் பார்க்க வேண்டும் என்பது நம் ஆய்வகத்தில் எழுதாத சட்டம். அந்த வரிசைக்கு ஏகாம்பரம் வரிசை என்று பெயர். தினமும் பத்து முறை வாய் நிறையச் சொல்கிறீர்கள். ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன். பைப்பெட்டை எப்படிப் பிடிப்பது, பஃபரை எப்படிக் கலப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதற்குத் தடிதடியாகக் கையேடுகள் வைத்திருக்கிறீர்கள், தூசி தட்டிப் படியுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் அடிப்படை. டைஃபாய்டு கிருமி தன்மேல் ஒரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கும். டீயில் போடும் சர்க்கரை அல்ல, நீளமான சங்கிலி. அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி உடம்பில் இருந்தால் கிருமியின் கொட்டம் அடங்கும். பெரியவர்களுக்கு அந்தச் சர்க்கரையை மட்டும் ஊசியில் போட்டாலும் ஓரளவு வேலை செய்யும். கைக்குழந்தைக்குச் செய்யாது. வெறும் சர்க்கரையைக் குழந்தையின் உடம்பு பெரிதாகக் கண்டுகொள்ளாது, நினைவிலும் வைத்துக்கொள்ளாது. அதனால் சர்க்கரையை ஒரு புரதத்தோடு கட்டி அனுப்புகிறோம். புரதத்தைப் பார்த்ததும் டி செல்கள் விழித்துக்கொண்டு, ஆன்டிபாடி செய்யும் பி செல்களுக்குக் கைகொடுக்கும். ஆன்டிபாடி வலுவாகும், நினைவும் தங்கும். தாலுகா ஆபீசுக்குத் தனியாகப் போனால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், கவுன்சிலரை அழைத்துக்கொண்டு போனால் நாற்காலி போடுவார்கள். அதே கதைதான். இப்படிக் கட்டி அனுப்பும் ஜோடிக்குத்தான் கான்ஜுகேட் என்று பெயர்.

இதுவரை பாடப்புத்தகம். எப்படிக் கட்டுவது என்பதில்தான் நம் பிழைப்பு இருக்கிறது. சங்கிலி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், ஒரு புரதத்துக்கு எவ்வளவு சர்க்கரை, இரண்டையும் நடுவில் பிடித்திருக்கும் லிங்கர் எப்படிப்பட்டது, அது எத்தனை இடத்தில் பிடிக்கிறது. இவற்றில் எதைத் தொட்டாலும் உடம்பு தரும் பதில் மாறும். லிங்கரை நான் கொக்கி என்றுதான் சொல்வேன். முப்பது வருஷம் அப்படியே சொல்லிப் பழகிவிட்டது, இனிமேல் திருந்த மாட்டேன்.

நான் கான்ஜுகேஷன் பிரிவுக்குத் தலைமை ஏற்றபோது எங்களிடம் டைஃபாய்டு தடுப்பூசிக்கு ஒரு வடிவம் இருந்தது. நீளமான சங்கிலி, வளைந்துகொடுக்கும் கொக்கி, அதுவும் குறைவாக. அதற்கு ஒரே ஒரு வியாதி. சின்னக் குடுவையில் ஒழுங்காக வரும், பெரிய பாத்திரத்துக்குப் போனால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கூழாகிவிடும். ஒருநாள் எங்கள் இயக்குநர் வந்து கூழைக் கண்ணாடிக் குச்சியால் கிளறிப் பார்த்து, "இதுல ஏலக்காய் போட்டா பாயசம்னு வித்துடலாம்" என்றார். பக்கத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் இரண்டாவது வடிவம். சங்கிலியைச் சின்னச் சின்னத் துண்டாக்கினேன். வளையாத, விறைப்பான புதுக் கொக்கி ஒன்றைப் பிடித்து, அதை ஏகப்பட்ட இடத்தில் மாட்டினேன். கூழாகவில்லை. கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. எங்களுக்குள் முதலாவதைப் பழசு என்றும் என்னுடையதைப் புதுசு என்றும் சொல்லிக்கொண்டோம். புதுசைப் பற்றி நான் பேசும்போது என் பெண்ணைப் பற்றிப் பேசுவதாக வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

இரண்டில் எது குழந்தைகளுக்கான ஆய்வுக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒன்றுக்குத்தான் இடம். அதற்கு எலிகளிடம் கேட்டாக வேண்டும். இங்கேதான் ஏகாம்பரம் வருகிறார்.

ஏகாம்பரம் எங்கள் அனிமல் ஹவுஸில் எலிகளைப் பார்த்துக்கொண்டவர். வெள்ளானூர்க்காரர். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். அந்த வயலெல்லாம் இப்போது வீட்டுமனை. ஏகாம்பரம்தான் அந்த வீட்டில் முதன்முதலாகக் கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டியவர், அதுவும் காண்ட்ராக்ட் அட்டை. ஆள் பரமசாது என்று நினைத்துவிடாதீர்கள். வாய் அப்படிப்பட்டது. நான் தலைமை ஏற்ற புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை தலை நிறைய மல்லிகையோடு அனிமல் ஹவுஸ் கதவைத் திறந்தேன். குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"பூ வெச்சுகினு உள்ள வராதீங்க மேடம். வாசனைக்கு எலி மெர்சலாவும்."

"ரெண்டே நிமிஷம்தான் ஏகாம்பரம்."

"ரெண்டு நிமிசம்னு எலிக்குத் தெரியுமா? எட்த்துட்டு வாங்க."

ஒரு பிரிவின் தலைவி, பி.எச்டி. முடித்தவள், வராந்தாவில் நின்று பூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தலையை வேறு துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். மனதுக்குள் நன்றாகத் திட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கே ஒன்றையும் கவனித்தேன். அவர் ஒரு கூண்டைத் தொடுவதற்கு முன் அதன் எண்ணை உரக்கச் சொல்வார். எதிரே நிற்பவர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் மூடியைத் திறப்பார். எதிரே யாரும் இல்லாவிட்டால் யாராவது வரும்வரை நிற்பார். இயக்குநரே வந்தாலும் எண்ணைத் திருப்பிச் சொல்ல வைத்துவிடுவார்.

எலிகளை ஐந்து கூட்டமாகப் பிரித்தோம். ஒன்றுக்குப் பழசு, ஒன்றுக்குப் புதுசு, ஒன்றுக்கு வெறும் சர்க்கரை, ஒன்றுக்கு வெறும் உப்புத்தண்ணீர். ஐந்தாவது கூட்டத்துக்கு, என் புதுக் கொக்கிகளை மாட்டிய புரதம் மட்டும். சர்க்கரை ஒரு துளிகூடக் கிடையாது. சர்க்கரையையே பார்க்காத எலியிடம் சர்க்கரைக்கான ஆன்டிபாடி இருக்க முடியாது, ஆகவே இந்தக் கூட்டத்தின் ரீடிங் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

சீரத்தைச் சோதித்தது சீராலஜி பிரிவின் குமரேசன். என் வயதுதான், என் அளவுக்கே முன்கோபி, நல்ல வேலைக்காரர். பிளேட்டின் குழிகளில் சர்க்கரையை ஒட்டவைத்து, அதன்மேல் எலியின் சீரத்தை ஊற்றினால், சர்க்கரையைப் பிடிக்கும் ஆன்டிபாடி குழியில் தங்கும், நிறம் ஏறும். ஆனால் கிருமியிலிருந்து எடுத்த சர்க்கரை பிளாஸ்டிக்கில் சரியாக ஒட்டாது, கழுவும்போது வந்துவிடும். குமரேசன் என்னிடம் வந்து புலம்பினார். என்னிடம் புதுக் கொக்கி மாட்டிய சர்க்கரை மிச்சம் இருந்தது. அதைக் கொடுத்தேன். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அவருக்கு வேலை முடிந்த நிம்மதி, எனக்கு உதவிய திருப்தி.

ஒரு வெள்ளிக்கிழமை ரீடிங் வந்தது. புதுசு எங்கேயோ உச்சத்துக்குப் போயிருந்தது. பழசு அதன் பக்கத்தில்கூட இல்லை. இயக்குநர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். திங்கட்கிழமை கூட்டத்தில் புதுசை முடிவு செய்துவிடலாம், காப்புரிமையில் உங்கள் பெயர்தான் முதலில் என்றார். பாயசம் என்று சொன்ன அதே வாய். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போதுதான் குமரேசன் தொண்டையைக் கனைத்தார். "ஒரே ஒரு சின்ன விஷயம் சார். சர்க்கரையே போடாத கூட்டம் பூஜ்யம் காட்டல. நல்லா ஏறியிருக்கு."

"பிளேட் சரியில்லையா?"

"பிளேட் சரிதான் சார். உப்புத்தண்ணி போட்ட எலி பூஜ்யம்தான் காட்டுது. இது கூண்டு மாறின கேஸ். புதுசு போட்ட எலியைக் கொண்டுபோய் அந்தக் கூண்டுல விட்டிருக்காங்க."

"அனிமல் ஹவுஸ்ல யாரு? காண்ட்ராக்ட் ஆள்தானே? மாத்திடுங்க. அந்தக் கூட்டத்தைக் கணக்குலேர்ந்து எடுத்துட்டு ரிப்போர்ட் போடுங்க."

ஒரு டீ குடிக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. விசாரணை கிடையாது. காண்ட்ராக்ட் ஆளுக்கு அதெல்லாம் கிடையாது. கூண்டு மாறியது என்கிற விளக்கம் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. என் புதுசுக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஏகாம்பரம் எனக்காகக் காத்திருந்தார். கையில் டீ இருந்தது, குடிக்கவில்லை.

"இன்னா மேடம், கூண்ட மாத்திட்டேன்னு சொல்லிகினு கீறாங்களாமே?"

"ரீடிங் அப்படி வந்திருக்கு ஏகாம்பரம்."

"ரீடிங் எப்டினா வரட்டும். நான் மாத்தல. நாளைலேர்ந்து வராத, பாஸ குட்த்துட்டு போயிடுன்றான் காண்ட்ராக்டரு. ஊடு பாதில நிக்குது. தளம் போட்டாச்சி, செவுரு பூசல. அத்த வுடுங்க, பொயப்பு வேற எங்கனா பாத்துக்கலாம். எலிய மாத்துனவன்னு பேரு வாங்கிகினு நான் ஏன் மேடம் வெளிய போவணும்?"

"தெரியாம நடந்திருக்கலாம் இல்லையா? உங்கள யாரும் கெட்டவர்னு சொல்லல."

"தெரியாமவா?" குரல் ஏறிவிட்டது. கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "பூ வெச்சுகினு வந்தீங்கன்னு உங்களயே வெளிய நிக்க வெச்சவன் நானு. நான் தெரியாம மாத்துவேனா? நீங்களே சொல்லுங்க."

 அவர் டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. என் வாழ்க்கையிலேயே நல்ல நாளை இந்த மனுஷன் கெடுத்துவிட்டானே என்று.

அம்பத்தூரில் ரயில் ஏறினேன். வழக்கமான கூட்டம். திருமுல்லைவாயிலில் ஒரு பெண்மணி இறங்குவதாக எழுந்து, தப்பான ஸ்டேஷன் என்று தெரிந்து திரும்பினாள். அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். "சரி, நீ எழுந்து வந்த எடம் காலியாத்தானே இருக்கும், நான் அங்க போறேன்" என்று முதல் பெண்மணி சண்டையில்லாமல் நகர்ந்து போனாள். நானும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தூக்கிவாரிப்போட்டது.

புதுசு போட்ட எலிகள் ஐந்தாவது கூட்டத்தின் கூண்டுக்கு வந்திருந்தால், ஐந்தாவது கூட்டத்து எலிகள் எங்கே போயின? புதுசின் கூண்டுக்குத்தானே போயிருக்க வேண்டும்? அப்படியானால் புதுசின் கூட்டத்தில் பூஜ்யங்கள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அங்கே ஒரு எலிகூடக் குறையவில்லை. எல்லாம் ஒன்றுபோல ஏறியிருந்தன. மற்ற கூட்டங்களிலும் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. கூண்டு மாறவே இல்லை. ஏகாம்பரம் சொன்னது நிஜம்.

அப்படியானால் சர்க்கரையைப் பார்க்காத அந்த எலிகளின் ஆன்டிபாடி பிளேட்டில் எதைப் பிடித்துக்கொண்டது? அந்த எலிகள் பார்த்தது இரண்டைத்தான். ஒன்று புரதம், அது பிளேட்டில் இல்லை. மற்றொன்று என் கொக்கி. அது பிளேட்டில் இருந்தது. குழிக்குக் குழி இருந்தது. என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருந்தேன். ஆவடியில் இறங்க மறந்து இந்துக் கல்லூரி ஸ்டேஷன்வரை போய்விட்டேன்.

இப்போது என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேசாமல் இருந்தால் புதுசு ஜெயிக்கும், என் பெயர் காப்புரிமையில் வரும், ஏகாம்பரம் வேறு வேலை தேடிக்கொள்வார். பேசினால் அவர் திரும்பி வருவார், புதுசு போய்விடும். இது அவருக்கும் எனக்கும் மட்டுமான கணக்கும் அல்ல. அந்த ஊசி கைக்குழந்தைகளின் தொடையில் போடப்படப் போகிறது.

பிளாட்பாரத்தில் நின்றபடியே குமரேசனுக்குப் போன் போட்டேன். நாளைக்கு ஆய்வகத்தைத் திறங்கள், மிச்ச சீரத்தை எடுங்கள் என்றேன்.

"உங்க டிசைன் ஜெயிச்சிருக்கு மேடம். எதுக்கு நீங்களே சேத்தை வாரிப் பூசிக்கறீங்க?"

"சேறா சந்தனமான்னு நாளைக்குப் பாத்துடலாம் குமரேசன். வாங்க."

மறுநாள் செய்த சோதனை ரொம்ப எளிமையானது. உங்களில் பலர் இப்போது கண்ணை மூடிக்கொண்டு செய்வீர்கள். சீரத்தைக் குழியில் ஊற்றுவதற்கு முன்பே, கொக்கி இல்லாத அசல் சர்க்கரையை அதில் கலந்து வைத்தோம். ஆன்டிபாடி நிஜமாகவே சர்க்கரைக்கானது என்றால், கலந்த சர்க்கரையையே பிடித்துக்கொண்டு ஓய்ந்துவிடும், பிளேட்டில் நிறம் ஏறாது. இன்னொரு பங்கில் முட்டை வெள்ளைக்கருப் புரதத்தில் என் கொக்கியை மட்டும் மாட்டிக் கலந்தோம். சர்க்கரைக்கும் முட்டைக்கும் ஒரு சொந்தபந்தமும் கிடையாது. கொக்கிக்கான ஆன்டிபாடி இருந்தால் மட்டுமே அது அங்கே மாட்டும்.

பழசின் சீரம் அசல் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு அடங்கியது. ரீடிங் விழுந்தது. புதுசின் சீரம் அசல் சர்க்கரையைச் சட்டையே செய்யவில்லை, ரீடிங் அப்படியே நின்றது. முட்டைக் கொக்கியைக் கலந்ததும் தரைமட்டம். ஐந்தாவது கூட்டமும் அதே மாதிரி.

குமரேசன் நிறத்தை அளக்கும் ரீடரின் திரையில் எண்களை இன்னொரு முறை சரிபார்த்தார். பிறகு, "பிளேட்டுக்கு சர்க்கரை குடுத்தது நீங்கதானே மேடம்?" என்றார்.

"ஆமா. கேட்டது நீங்கதானே?"

"ஆமா."

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டோம். அப்புறம் சிரித்துவிட்டோம். ஊர் உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. கொக்கி செய்கிறவளும் பிளேட் பூசுகிறவரும் ஒரே வராந்தாவில் இருந்து, ஒருவருக்கொருவர் உபகாரமும் செய்துகொண்டால்தான் இப்படியொரு தப்பு விளையும்.

ஏன் அப்படி ஆனது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். என் கொக்கி விறைப்பாகத் துருத்திக்கொண்டு நின்றது, எண்ணிக்கையிலும் அதிகம். உடம்பின் கண்ணில் முதலில் பட்டதே அதுதான். சர்க்கரையின் அசல் முகத்தில் கண்ட இடத்திலெல்லாம் கொக்கியை மாட்டியதால் அந்த முகமும் மறைந்துபோனது. துண்டு துண்டாக நறுக்கியதில் கிருமியின் மேல் இருக்கும் உருவமும் போய்விட்டது. உடம்பு ஏமாறவில்லை. நான் காட்டியது எதுவோ அதற்குச் சரியாகப் பதில் சொன்னது. காட்டியதுதான் தப்பு.

திங்கட்கிழமை கூட்டம். பெரிய மேஜை, பிஸ்கட், எல்லோரும் புதுசைக் கொண்டாட வந்திருந்தார்கள். நான் முதல் படத்தைத் திரையில் போட்டு, நடந்ததைச் சொன்னேன்.  இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க டிசைனை நீங்களே குழிதோண்டிப் புதைக்கறீங்களா?"

"சார், புதுசு போட்ட குழந்தைக்கு என் கொக்கிக்கு எதிரா பிரமாதமான பாதுகாப்பு இருக்கும். கொக்கியால யாருக்கும் காய்ச்சல் வர்றதில்ல."

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இயக்குநர் குமரேசனைப் பார்த்தார். குமரேசன் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நானும் கூடவே இருந்தேன் சார், சோதனை சரி" என்றார். அந்த ஒரு வரிக்காக அவர்மேல் எனக்கு இருந்த பழைய கோபங்களை எல்லாம் அன்றைக்கே தள்ளுபடி செய்துவிட்டேன்.

"சரி, அடுத்த படத்தைப் போடுங்க. பழசை என்ன பண்ணலாம்னு பாப்போம்" என்றார் இயக்குநர்.

நான் போடவில்லை. "முதல்ல காண்ட்ராக்டருக்கு ஒரு போன் சார். ஏகாம்பரம் கூண்டை மாத்தல. அவரை வரச்சொல்லணும். மாத்தலன்னு அனிமல் ஹவுஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"அது நிர்வாக விஷயம், அப்புறம் பாத்துக்கலாம்."

"அவரைப் போகச் சொன்னதும் இந்த ரூம்ல, இதே மாதிரி ஒரு நிமிஷத்துலதான் சார். வரச்சொல்றதுக்கு மட்டும் எதுக்கு அப்புறம்?"

கணினியை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.  பயமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எழுந்திருக்கவில்லை. கடைசியில் இயக்குநர் போனை எடுத்தார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். எடுத்தார், பேசினார், மறுநாள் அனிமல் ஹவுஸுக்குத் தானே போய் நின்று, கூண்டு மாறவில்லை, தப்பு எங்களுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் என்னிடம் நன்றி கின்றி என்று எதுவும் சொல்லவில்லை. என் தலையைப் பார்த்தார். "பூ வெக்கல இல்ல? வாங்க உள்ள" என்றார்.

என் முப்பது வருஷத்தில் விருது வாங்கியிருக்கிறேன், பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அந்த "வாங்க உள்ள"வுக்கு ஈடாக எதுவும் இல்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன், அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

பிறகு நாங்கள் பழசைக் கையில் எடுத்தோம். அசல் சர்க்கரை பிளேட்டில் ஒட்டுவதற்கு, அடியில் வேறொரு பூச்சைப் பூசும் வழியைக் குமரேசன் கண்டுபிடித்தார். அந்த பிளேட்டில் பழசு முன்னால் நின்றது, புதுசு பின்தங்கியது. உயிருள்ள கிருமியோடு சீரத்தைச் சேர்த்துப் பார்த்தபோதும் அப்படியே. பழசின் சீரம் கிருமியைக் கொன்றது, புதுசின் சீரத்தில் கிருமி சுகமாக இருந்தது. கூழாகும் வியாதிக்கு நீண்ட நாள் மல்லுக்கட்டினோம். சங்கிலியை லேசாக மட்டும் குறுக்கி, கொக்கியை இன்னும் குறைத்து, மெதுவாகக் கட்டினால் கூழாகவில்லை. அந்த வடிவம்தான் குழந்தைகளுக்கான ஆய்வுக்குப் போனது, தேறியது, இப்போது நீங்கள் தினமும் செய்துகொண்டிருப்பதும் அதுதான். பூந்தமல்லிப் பக்கம் தடுப்பூசி போடும் இடத்தைத் தாண்டிப் போகும்போது உள்ளே வீறிடும் குழந்தையின் சத்தம் கேட்டால், எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் வரும். அழட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஏகாம்பரம் திரும்பி வந்த அந்த வாரம்தான் குமரேசன் பிளேட்டின் முதல் வரிசையைப் பூஜ்யக் கூட்டத்துக்கு ஒதுக்கி, ஓரத்தில் மார்க்கரால் ஏகாம்பரம் என்று எழுதினார். கேலிக்கு எழுதியது இல்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் அப்படியே எழுதினார்கள், நீங்களும் எழுதுகிறீர்கள். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ஏதாவது வந்தால் அதைத் துடைத்துப் போட்டுவிட்டு நகராதீர்கள், உங்களுக்குப் பிடித்த ரீடிங் வந்த நாளில் குறிப்பாக நகராதீர்கள் என்பதற்குத்தான் அந்தப் பெயர்.

உங்கள் ஸ்கூட்டர்க்காரி கேட்ட கேள்விக்குப் பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த வரிசை விஷயம் ஏகாம்பரத்துக்குத் தெரியுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வெள்ளானூருக்குப் போனேன். அவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வீடு முழுசாக நிற்கிறது, சுவர் பூசி, நீல வண்ணமும் அடித்திருக்கிறார். மோர் கொடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஆள் முகம் மாறிவிட்டது.

"இன்னா மேடம் இது! ஒண்ணுமே வராத எடத்துக்கா எம்பேர வெச்சிகீறீங்க?"

"ஒண்ணும் வரக்கூடாத இடம் ஏகாம்பரம். அதுல ஏதாவது வந்துட்டா மத்த எல்லா வேலையும் நிக்கும். அந்த வரிசையைப் பாத்துட்டுதான் மத்ததையே பாப்பாங்க. யாரா இருந்தாலும், டைரக்டரே ஆனாலும்."

 ஏகாம்பரம் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஏய், கேட்டியா? நம்ம பேர பாத்துட்டுதான் அங்க மத்த வேலையே நடக்குதாம். டைரக்டருகூட நிக்கணுமாம்." அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

நான் கிளம்பும்போது தெருமுனைவரை வந்தார். ஆட்டோ வந்து நின்ற பிறகு ஜன்னலில் குனிந்தார்.

"மேடம், இப்ப வேல பாக்குற புள்ளைங்களாண்ட ஒண்ணு சொல்லிடுங்க. எம்பேரு போட்ட வரிசைல எதுனா வந்துச்சின்னா, மொதல்ல அவங்க பிளேட்ட சந்தேகப்படட்டும். ஆள அப்பால பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டேன்.